விரல்நுனியில் ஒரு வெளிச்சம்



ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். சட்டைப் பையிலோ அஞ்சறைப் பெட்டியின் அடியிலோ நீங்கள் வைத்திருக்கும் நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுங்கள். அதிகம் கசங்காத தாளாக இருந்தால் நலம். கண்களை மூடிக்கொண்டு, காந்தியடிகளின் உருவம் உள்ள பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல வருடுங்கள். இட ஓரத்திலும் வல ஓரத்திலும் சாய்ந்த கோடுகள் நான்கு விரலில் தட்டுப்படும். இன்னும் பொறுமையாகத் தேடினால் மேடிட்ட ஒரு சிறு முக்கோணமும் அகப்படும்.

அகப்படவில்லையா? வருந்தாதீர்கள். நம்மில் பலருக்கு அகப்படுவதில்லை. கண்ணிருக்கும்போது விரலுக்கு என்ன வேலை என்று நாம் அதனைப் பழக்காமலே விட்டுவிட்டோம். அந்தக் கோடுகளையும் முக்கோணத்தையும் நம்பியே அன்றாடம் வயிறு வளர்ப்போர் இந்நகரில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் எனக்குக் கற்பித்த பாடமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்தொடர் வண்டியில் ஒரு மாலைப்பொழுது. இராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று வடசென்னையின் தொழிலாளர் குடியிருப்புகளை எல்லாம் தொட்டுச் செல்லும் வண்டி அது. சீப்பு, பின்னூசி, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி ஆகியவற்றைத் தோளில் தொங்கவிட்டு விற்றுக்கொண்டு வந்தார் பார்வையற்ற வணிகர் ஒருவர். வீட்டாருக்காக ஒரு பின்னூசி அட்டை வாங்கினேன். பெட்டியில் விளக்கு மங்கல். மடித்திருந்த தாளை நூறு ரூபாய் என்று எண்ணி நீட்டினேன். அவர் அதை விரித்து, விரலிடுக்கில் நீளத்தை அளந்து, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். உடனே என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“பாய், இது ஐநூறு. நூறுன்னு நெனச்சிக் குடுத்துட்டீங்க போல.”

சற்றுமுன் கைப்பேசியில் நான் ஸலாம் உரைத்ததைக் கேட்டிருக்கிறார். அதனால் ‘பாய்’ என்று விளித்தார். கண்ணுடைய நான் காணாததை அவர் விரல் கண்டது. அதைக் காட்டிலும், கண்டதை மறைக்காமல் சொன்ன அவரது அமானிதம் என்னைத் தலைகுனிய வைத்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“புது நோட்டு பேசும் பாய். பழசாயி நைஞ்சிடுச்சின்னா வாயத் தெறக்காது. அப்போ குடுக்கறவங்க சொல்றதுதான் கணக்கு.”

பேசும் தாள் எப்படிப் பேசுகிறது? பேசாத தாளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அன்றிரவு முழுதும் இவ்விரு கேள்விகளும் என்னை விடவில்லை.

மேடும் பள்ளமும்

அச்சுக்கலை என்றதும் வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்றே நாம் எண்ணுகிறோம். அச்சில் பல வகை உண்டு. மேடான எழுத்தில் மை பூசித் தாளில் பதிப்பது ஒன்று. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட பழைய அச்சுக்கூடங்கள் இவ்வகை. வழவழப்பான கல்லின்மீது நெய்ப்பசையுள்ள மையால் எழுதி, நீரும் நெய்யும் ஒட்டாத இயல்பைக் கொண்டு அச்சிடுவது மற்றொன்று. 1796ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானியரான அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த இந்தக் கல்லச்சு முறைக்கு நம் சமுதாயம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. ஒன்றோடொன்று இணைந்தோடும் அரபு எழுத்தை ஈய அச்சில் கோப்பது கடினமாக இருந்த நாளில், கையெழுத்தை அப்படியே கல்லில் ஏற்றி அச்சிட முடிந்தது. நம் பாட்டிமார் மடியில் வைத்து ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பலவும் கல்லச்சில் பிறந்தவையே.

மூன்றாவது வகை குழிவச்சு. உலோகத் தகட்டில் கோடுகளைக் குழியாகச் செதுக்குவார்கள். குழிகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டுத் தாளை வைத்து மிகுந்த அழுத்தம் கொடுப்பார்கள். தாள் அந்தக் குழிக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு எழும். உலர்ந்தபின் கோடு தாளுக்கு மேலே வரப்பாக நிற்கும். மருதாணிக் கூம்பால் உள்ளங்கையில் இட்ட கோலம் காய்ந்ததும் விரலில் தட்டுப்படுமே, ஏறத்தாழ அது போன்றது. பணத்தாளில் காந்தியடிகளின் உருவமும், அசோகத் தூண் சின்னமும், முக்கோணம் முதலிய அடையாளங்களும் இம்முறையில்தான் பதிக்கப்படுகின்றன. நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி ஆகிய நான்கு ஊர்களின் அச்சகங்களில் நம் நாட்டுப் பணத்தாள்கள் அச்சாகின்றன. பருத்தி இழையால் ஆன தாள் என்பதால்தான் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது.

நான்காவது, மையே இல்லாத அச்சு. மேட்டு அச்சுக்கும் பள்ள அச்சுக்கும் நடுவே தாளை வைத்து அழுத்தி, தாளையே புடைக்கச் செய்வது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் திருமண அழைப்பிதழ் அச்சிடக் கொடுத்தவர்கள் ‘எம்போசிங்’ என்று கேட்டு வாங்கியிருப்பீர்கள். அழகுக்காக நாம் பணம் கொடுத்து வாங்கும் அந்தப் புடைப்புதான் பார்வையற்றோருக்கு எழுத்து.

பேசாத தாள்கள்

1996இல் வெளிவரத் தொடங்கிய மகாத்மா காந்தி வரிசைத் தாள்களில் வடிவ அடையாளங்கள் இடம்பெற்றன. இருபதுக்குச் செங்குத்துச் செவ்வகம், ஐம்பதுக்குச் சதுரம், நூறுக்கு முக்கோணம், ஐநூறுக்கு வட்டம், ஆயிரத்துக்கு வைரம். தாள்களின் அளவும் ஒன்றுக்கொன்று நன்கு வேறுபட்டது. 2016 நவம்பரில் வந்த புதிய வரிசையில் தாள்கள் சிறுத்தன. இன்று நூறு ரூபாய்த் தாளின் நீளம் 142 மில்லிமீட்டர், இருநூறு 146, ஐநூறு 150. உயரம் மூன்றுக்கும் 66 மில்லிமீட்டரே. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஒரு கொண்டைக்கடலையின் அகலம்கூட இல்லை. ஓடும் வண்டியில் நின்றுகொண்டு இதை அளக்க வேண்டும்.

ஓரக் கோடுகள் உதவுகின்றன. நூறுக்கு நான்கு, இருநூறுக்கு நான்கு கோடுகளும் இடையே இரு சிறு வட்டங்களும், ஐநூறுக்கு ஐந்து. ஆனால் குழிவச்சு இப்போது நூறும் அதற்கு மேற்பட்ட தாள்களிலும்தான் உண்டு. பின்னூசியும் சீப்பும் விற்பவர் கைக்கு அதிகம் வருபவை பத்தும் இருபதும் ஐம்பதும் அல்லவா? அவற்றில் தடவி அறிய மேடில்லை; நீளம் ஒன்றே துணை. மேடு உள்ள தாளிலும் பல கை மாறி வியர்வையில் நனைந்த பின் அது தேய்ந்துவிடுகிறது. புதிய தாள்களை இனங்காண்பது கடினமாக உள்ளதென்று பார்வையற்றோர் தேசியச் சங்கம் மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்றது.

2019 மார்ச் 7 அன்று பார்வையற்றோரைக் கருத்தில் கொண்டு புதிய நாணய வரிசை வெளியிடப்பட்டது. மதிப்பு கூடக் கூட அளவும் எடையும் கூடும் வரிசை அது. அதில் வந்த இருபது ரூபாய் நாணயம் பன்னிரண்டு பக்கங்கள் உடையது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, தாளைக் கைப்பேசிக்குக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ என்ற செயலியைத் தந்தது. நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் கூட்ட நெரிசலில் ஒரு கையில் சரக்கும் மறு கையில் கம்பியுமாக நிற்பவருக்குக் கைப்பேசியை எடுக்க மூன்றாவது கை ஏது? அவரது விரலை ஏமாற்றாத தாளே அவருக்கு நீதி. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வதை வன்மையாகக் கண்டிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இது புரியாததல்ல.

நம் முன்னோர் காட்டிய வழி

பார்வையற்றோரை நம் வரலாறு எவ்விடத்தில் வைத்தது என்பதை எண்ணிப் பார்ப்போம். குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், தமக்குக் கற்பிக்குமாறு வேண்டி வந்தார் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). அந்நிகழ்ச்சியை ஒட்டியே ‘அபஸ’ எனும் 80ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. கற்க வந்த ஒரு பார்வையற்றவரின் உரிமை, தலைவர்களின் வருகைக்கு முன்னே வைத்து எண்ணப்பட்டது. பின்னர் அவர் மதீனாப் பள்ளியில் பாங்கு சொல்பவராக விளங்கினார். நபிகளார் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பே அவரிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு.

கிராஅத் கலையில் ‘ஷாதிபிய்யா’ என்ற நூலை அறியாத காரி இல்லை. அதை இயற்றிய இமாம் ஷாதிபி (ரஹ்) பார்வையற்றவர். ஸ்பெயினின் ஷாதிபாவில் பிறந்து, 1194இல் கெய்ரோவில் மறைந்தார். அவர் இயற்றிய மற்றொரு செய்யுள் நூல் ‘அகீலா’ என வழங்கப்படுவது; அதன் பொருள் என்ன தெரியுமா? குர்ஆன் பிரதிகளில் சொற்களை எழுதும் முறை! எழுத்தைக் கண்ணால் காணாத ஒருவர், எழுத்திலக்கணத்துக்குச் சான்றாக விளங்கினார்.

பாக்தாதில் முஸ்தன்ஸிரிய்யாக் கல்லூரியில் பாடம் சொன்ன அலீ இப்னு அஹ்மத் அல்ஆமிதீ என்ற ஹன்பலி அறிஞரின் செய்தி இன்னும் வியப்பானது. புகழ்பெற்ற பார்வையற்றோரைப் பற்றி 14ஆம் நூற்றாண்டில் ஒரு தனி நூலே எழுதிய அஸ்ஸஃபதீ என்பார் இதனைப் பதிவு செய்திருக்கிறார். அல்ஆமிதீ புத்தக வணிகம் செய்தவர். ஒரு நூலை வாங்கியதும், மெல்லிய தாளைத் திரித்து, விலைக்குரிய அப்ஜத் எழுத்தின் வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறம் ஒட்டி, அதன்மேல் இன்னொரு தாளை ஒட்டிவிடுவார். பின்னர் விலை மறந்துபோனால் அந்த மேட்டை விரலால் தடவி அறிந்துகொள்வார். ஐரோப்பாவில் தடவிப் படிக்கும் எழுத்து தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு நடந்தது இது. ஒரு வணிகர் தம் சரக்கின் விலையில் ஏமாறாமல் இருக்கத் தாமே கண்ட வழி. எண்ணூர் வண்டியில் நான் கண்ட வணிகரின் தேவையும் இதுவே அன்றோ?

ஆறு புள்ளிகள்

பிரான்சில் 1809 ஜனவரி 4 அன்று, குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தார் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய தோலூசியோடு விளையாடியபோது கண்ணில் அடிபட்டது. நோய் மறு கண்ணுக்கும் பரவியது. பத்து வயதில் பாரிசில் உள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். சாதாரண எழுத்துகளையே பெரிதாகப் புடைக்கச் செய்த நூல்கள்தாம் அங்கிருந்தன. ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் சுற்றித் தடவிப் படிக்க வேண்டும். வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். கண்ணுக்கு வசதியான வடிவம் விரலுக்கு வசதியாக இருக்க வேண்டியதில்லை என்பதை, கண்ணுள்ள ஆசிரியர்கள் உணரவில்லை.

சார்ல் பார்பியே என்ற படை அதிகாரி பன்னிரண்டு புள்ளிகளால் ஆன ஒரு குறியீட்டைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அதன் சிறப்பையும் குறையையும் உணர்ந்த பிரெயில், ஒரு விரல்நுனிக்குள் அடங்கும்படி அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. 1829இல் அம்முறை நூலாக வந்தது. 1852இல் அவர் மறைந்தபின், 1854இல்தான் பிரான்சு அதை முறைப்படி ஏற்றது.

முட்டை அட்டையில் ஆறு குழிகளை மட்டும் வெட்டி எடுத்து நிறுத்தி வைத்ததாக எண்ணுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இவற்றுள் எது புடைத்திருக்கிறது, எது இல்லை என்பதைக் கொண்டு 63 வடிவங்கள் அமைக்கலாம். நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் ஒலியை அடிப்படையாகக் கொண்ட ஒரே குறியீடாக ‘பாரதி பிரெயில்’ 1951இல் உருவாயிற்று. தமிழில் அ என்பது முதற்புள்ளி மட்டும். க என்பது 1, 3. ல என்பது 1, 2, 3. மெய்யெழுத்தின் புள்ளியைக் குறிக்க, எழுத்துக்கு முன்னால் 4ஆம் புள்ளி. ஆகவே ‘கல்’ என்று எழுத மூன்று கட்டங்கள் போதும். அச்சுத் தமிழில் ‘கெ’ என்பதன் கொம்பு முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது. பிரெயிலில் இக்குழப்பம் இல்லை. ஒலிக்கும் வரிசைப்படி ககரம் முதலில், உயிர் அடுத்து.

அரபு பிரெயிலும் உண்டு. குர்ஆன் ஷரீஃபும் அவ்வெழுத்தில் பல பெரிய தொகுதிகளாக அச்சிடப்படுகிறது. ஒரு புதுமை, அரபு பிரெயில் இடமிருந்து வலமாகப் படிக்கப்படுகிறது. ஜபர், ஜேர், பேஷ் ஆகியவை எழுத்தின் மேலும் கீழுமாக நில்லாமல் அதற்கு அடுத்து வருகின்றன. இன்னொன்றும் சொல்கிறேன். ‘அல்பகரா’ அத்தியாயத்தின் தொடக்கத்தில் அலிஃப், லாம், மீம் என்று ஓதுகிறோம் அல்லவா? பிரெயிலில் அம்மூன்று எழுத்துகளின் வடிவமும் தமிழின் அ, ல, ம என்ற மூன்றின் வடிவமும் ஒன்றே! தமிழ் பிரெயில் கற்ற குழந்தையின் விரலுக்கு, குர்ஆனின் அந்த எழுத்துகள் ஏற்கெனவே அறிமுகமானவை.

கையால் எழுத, துளைச் சட்டத்துக்குள் தாளை வைத்து எழுத்தூசியால் பின்புறத்திலிருந்து குத்துவார்கள். அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடி பிம்பம் போல் எழுதித் தாளைத் திருப்பிப் படிப்பார்கள். பெருமளவில் அச்சிட, இரட்டைத் துத்தநாகத் தகட்டில் புள்ளிகளைக் குத்தி, இடையே தாளை வைத்து அழுத்துவது பழைய முறை. ஆண்டர்சன் தெரு அழைப்பிதழின் அதே தத்துவம். இன்று கணினியோடு இணைந்த பொறிகள் வந்துவிட்டன. உலகெங்கும் பயன்படும் பெர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப் பொறி நம் காட்பாடியிலேயே வொர்த் டிரஸ்ட் நிறுவனத்தில் செய்யப்படுவது நமக்குப் பெருமை.

காண்பவர்க்கும் காட்சி வேறு

‘நமக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று இருந்துவிட வேண்டாம். பார்வை என்பது எல்லாருக்கும் ஒன்றல்ல. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிதாபுல் மனாளிர்’ என்ற பேரு நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காண்கிறோம் என நிறுவினார். அத்தோடு நில்லாமல், கண் பெற்றதை மனம் ஒப்பிட்டு முடிவு செய்த பின்னரே ‘கண்டேன்’ என்கிறோம் என்றும் விளக்கினார். 1572இல் இந்நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் அச்சேறியது.

மனம் முடிவு செய்வதை அச்சிட்ட தாளிலேயே காட்டியவர் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா. 1917இல் அவர் வெளியிட்ட வண்ணப்புள்ளித் தகடுகளைக் கண் மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள். பல நிறப் புள்ளிகளுக்கிடையே ஓர் எண் ஒளிந்திருக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் கண்ணுக்கு அது புலப்படாது. அதே நூலில் வேறு சில தகடுகளில், அவர்கள் ஓர் எண்ணைக் காண்பார்கள், மற்றவர்கள் காணமாட்டார்கள்! குறை எது, நிறை எது என்பது தாளை வரைந்தவர் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

துறைமுகத்தை அண்டி வாழும் குடும்பங்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. இரவில் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. இரயில் கைகாட்டியும் அவ்வாறே. ஆகவே கப்பலிலும் இரயில் ஓட்டும் பணியிலும் நிறப்பார்வைச் சோதனை கட்டாயம். படித்து முடித்து, பயிற்சிக்குப் பணமும் கட்டிய பின், இச்சோதனையில் தவறி வீடு திரும்பும் இளைஞர்கள் உண்டு. அதுவரை அவர்களுக்கே தெரிந்திருப்பதில்லை. இக்குறை பெரும்பாலும் தாய்வழி மரபணு மூலம் மகனுக்கு வருவது. ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு 8 பேர் வரை இதனை உடையவர்கள். பெண்களில் மிக அரிது. கடல் வேலையையோ இரயில் வேலையையோ எண்ணியிருக்கும் மகனுக்கு, பத்தாம் வகுப்பு முடிவதற்குள் இச்சோதனையைச் செய்துவிடுங்கள். சில நிமிடங்களில் முடியும்.

மனப்பாடம் போதுமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். பார்வையற்ற குழந்தை பிறந்தால் நம்மிடையே நல்லெண்ணம் கொண்டோர் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: ‘ஹிஃப்ளுக்குச் சேர்த்துவிடுங்கள், அல்லாஹ் நினைவாற்றலைக் கொடுத்திருப்பான்.’ உயர்ந்த எண்ணம்தான். பார்வையற்ற ஹாஃபிழ்களின் ஓதலால் நம் பள்ளிவாசல்கள் மணக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எழுத்து வேண்டாமா?

மனப்பாடம் செய்தவர், ஐயம் வந்தால் இன்னொருவரைத்தான் கேட்க வேண்டும். எழுத்தறிந்தவர் தாமே புரட்டிப் பார்த்துக்கொள்வார். கடிதம், மருந்துச் சீட்டு, சொத்துப் பத்திரம் எதையும் பிறர் வாயால் கேட்டே அறிவது எவ்வளவு பெரிய சார்பு! ‘இப்போதுதான் கைப்பேசியே எல்லாம் வாசித்துக் காட்டுகிறதே’ என்பீர்கள். உண்மை, அது பெரும் நிஃமத். எனினும் காது மட்டும் பழகினால், பனியின் னகரத்துக்கும் பந்தின் நகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ஸீனும் ஸாதும் எழுத்தில் எப்படி வேறுபடும் என்பதும் தெரியாது. எழுதத் தெரியாத புலமைக்கு இந்நாளில் வேலையும் இல்லை. 1996இல் வெளிவந்த மூளை ஆய்வொன்று, இளவயதிலேயே பார்வையிழந்தோர் பிரெயில் படிக்கும்போது, பார்வைக்குரிய மூளைப் பகுதியே இயங்குவதைக் காட்டியது. விரலின் வழியே வந்த எழுத்தை, இறைவன் கண்ணுக்கென வைத்த இடமே ஏற்றுக்கொள்கிறது!

தமிழகத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை. பாளையங்கோட்டையில் 1890இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இன்றும் உள்ளது. சென்னையை அடுத்த பூவிருந்தவல்லியில் அரசு மேல்நிலைப் பள்ளியும், தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும், பிரெயில் அச்சகமும் உள்ளன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 விழுக்காடும், அரசுப் பணியில் 4 விழுக்காடும் ஒதுக்குகிறது. அப்பணி இடங்களில் ஒரு விழுக்காடு பார்வைக் குறையுடையோருக்கு. நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவில் ஆக்கக் காப்புரிமை தடையாகாதபடி செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாதான். கதவுகள் திறந்திருக்கின்றன. பிள்ளையின் கையைப் பிடித்து வாசல்வரை அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் நாம்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களுக்குக் காத்திராமல், இன்றே தொடங்கக்கூடிய சில:

பார்வையற்ற வணிகரிடம் பணம் கொடுக்கும்போது, தாளின் மதிப்பை வாய்விட்டுச் சொல்லுங்கள். பல தாள் கொடுத்தால் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையில் வையுங்கள். கசங்கித் தேய்ந்த தாளை அவரிடம் தள்ளிவிடாதீர்கள். நல்ல தாளைக் கொடுங்கள்.

வீட்டில் பார்வை மங்கிய பெரியவர் இருந்தால், காலை மருந்துக் குப்பிக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மருந்துக்கு இரண்டு என்று மாட்டுங்கள். அடுப்புக் குமிழின் அணைக்கும் நிலையில் ஒரு சொட்டுப் பசையை உலரவிட்டால் அதுவே தடவி அறியும் குறி.

சர்க்கரை நோயாளர் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். வலி இல்லாமலே பார்வையைத் திருடும் நோய் அது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பட்டறைகளில் கிரைண்டிங்கும் வெல்டிங்கும் செய்யும் பிள்ளைகளுக்குக் கண்ணாடிக் கவசம் வாங்கிக் கொடுங்கள். லூயி பிரெயிலின் கண் போனது ஒரு பட்டறையில்தான் என்பதை மறவாதீர்கள். கண்ணில் துகள் பட்டால், நாட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல், 1819இல் தோன்றிய நம் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அன்றே செல்லுங்கள்.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் பார்வையற்றோர் எத்தனை பேர், அவர்களுள் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் என்று ஒரு கணக்கெடுங்கள். மக்தபில் ஒரு பிரெயில் காயிதாவும் ஓர் எழுத்துச் சட்டமும் வாங்கி வையுங்கள். ஓர் உஸ்தாதைப் பிரெயில் கற்க அனுப்புங்கள். ஜகாத், ஸதக்கா இவற்றுள் எந்த நிதியை இதற்குப் பயன்படுத்தலாம் என்பதை உங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலின் வெளியே கையேந்தும் ஒருவருக்குச் சில்லறை இடுவது எளிது. அவர் மகளோ மகனோ அப்படி நிற்காதிருக்கச் செய்வது கடினம். நன்மை மிக்கதும் அதுவே.

சில வாரங்கள் கழித்து அதே வண்டியில் அந்த வணிகரை மீண்டும் கண்டேன். பள்ளியில் பிரெயில் கற்றவரா என்று விசாரித்தேன். ஐந்தாம் வகுப்புவரை என்றார். அதன்பின் தந்தை இறந்துவிட, தொழிலுக்கு வந்தாராம். “விரல் இன்னும் மறக்கல பாய். படிக்கத்தான் ஒண்ணும் இல்ல” என்றார். கொருக்குப்பேட்டை நிலையத்தில் இறங்கி, அடுத்த பெட்டிக்கு ஏறிப் போனார்.

அன்று முதல் இன்றுவரை, ‘படிக்க ஒன்றும் இல்லை’ என்ற அவரது சொல் என் நெஞ்சில் புடைத்து நிற்கிறது. அவர் விரல்களுக்குப் படிக்க ஏதேனும் தருவோம், இன்ஷா அல்லாஹ். அல்லாஹ் நம் அனைவரின் கண்களையும் கைகளையும் நன்மையில் பயன்படுத்தும் பாக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.